மறுபடியும் நிக்கப் போறியாமே, தம்பி?

பஸ் ஸ்டாப்புல ஃபிளெக்ஸப் பாத்தேன் தம்பி. ஒன் மூஞ்சி பெருசா இருக்குது, மன்றத்துப் பேரு கீழ பொடியெழுத்துல கெடக்குது. "மீண்டும் செயலாளராக"ன்னு போட்டிருக்க. தேர்தலு அடுத்த மாசந்தான? ஒருத்தனும் இன்னும் மனுவே குடுக்கல, நீ அதுக்குள்ள ஜெயிச்சே பூட்ட. நல்ல சுறுசுறுப்பு. படிப்பகத்து ஃபேன் ஓடாம புள்ளைவோ வேத்து ஊத்திப் படிக்குதுங்க, அங்க மட்டும் இந்தச் சுறுசுறுப்பக் காணோம். சரி, அத உடு.

யோசன கேட்டு வந்திருக்க, சொல்றேன். ஜெயிக்கணும்னா மொதல்ல நாளு பாரு. வைகாசி முகூர்த்தத்துல பொதுக்குழுவ வையி, காடாம்புலியூருல பாதிப்பேரு பந்தியில ஒக்காந்திருப்பான். இல்லன்னா சித்திரையில வையி, மிச்சப்பேரு முந்திரிக் காட்டுல கொட்ட பொறுக்கிக்கிட்டு இருப்பான். நோட்டீஸ மறக்காம ஒட்டணும், பூட்டுன ரூமுக்கு உள்பக்கமா ஒட்டு. டீயும் வடையும் குடுக்குறப்பவே மினிட் நோட்ட நீட்டிக் கையெழுத்து வாங்கிப்புடு. வட எண்ணெய் பட்ட பக்கத்துல மேல எடம் காலியா இருக்கட்டும், தீர்மானத்த ராத்திரி சாவகாசமா எழுதிக்கலாம். "ஏகமனதாக"ங்கற வார்த்தய மட்டும் பிழ இல்லாம எழுது.

மொறைக்காத. இதுல ஒண்ணும் நான் கண்டுபிடிச்சதில்ல. போன தடவ நீ பண்ணதத்தான் வரிசையாச் சொன்னேன்.

சட்டத்துல தடை இருக்குதா தாத்தான்னு கேக்குற. 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் கமிட்டிக்கு மூணு வருஷத்துக்கு மேல ஆயுசு குடுக்கல. மூணு முடிஞ்சா பொதுக்குழு முன்னாடி திரும்ப வந்து நிக்கணும். மறுபடி நிக்கலாமா கூடாதாங்கறத ஒங்க பைலாவுல பாரு. பைலா எங்கன்னு என்னக் கேக்காத, அதும் ஒன் பீரோவுலதான் இருக்கும்.

அதே சட்டத்துலதான் இந்தியக் கிரிக்கெட் வாரியமும் பதிவாயிருக்கு, தெரியுமா? கோடிகோடியாப் பணம் பொரளுற எடம். ஃபேன் ஓடாத ஒன் படிப்பகத்துக்கும் அதுக்கும் ஒரே சட்டம். தொடந்து ரெண்டு தவண இருந்தவன் மூணு வருஷம் வெளிய ஒக்காரணும்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிச்சு. சும்மா இருப்பானுவளா? திருப்பி மனு போட்டானுவ. மாநிலச் சங்கத்துல ரெண்டு தவண, வாரியத்துல ரெண்டு தவண, ஆகமொத்தம் 12 வருஷம் ஒரேமூச்சா இருக்கலாம்னு 2022ல தளத்தி உட்டாங்க. மூணு வருஷ ஓய்வ மட்டும் எடுத்துப்போடல.

அந்த மூணு வருஷக் கணக்கு நம்ம பக்கம் ரொம்பப் பழசு. உத்திரமேரூரு கோயில் செவுத்துல பராந்தக சோழன் காலத்துல, 921ல வெட்டுன கல்வெட்டு இருக்குது. முந்தின மூணு வருஷத்துக்குள்ள ஊர்ச் சபை வாரியத்துல, அதாவது கமிட்டியில, இருந்தவன் பேர ஓலையில எழுதிக் குலுக்குற கொடத்துல போடக்கூடாது. போட்டா ஜெயிச்சிருவான்னு அப்பவே பயந்திருக்கானுவ பாரு. பதவியும் 360 நாளுதான். ஒண்ணும் தெரியாத சின்னப் பையன உட்டு ஓலைய எடுக்கச் சொல்லுவாங்க. அத வாங்குறவரு அஞ்சு வெரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும், இடுக்குல எதுவும் ஒளிஞ்சிருக்கக் கூடாதாம். வாங்கிப் படிச்சப்பறம் அங்க இருக்குற கோயில் பூசாரி நம்பிமாரு எல்லாருமே அந்தப் பேர வாசிக்கணும். நீ ஓட்டுப் பொட்டிய மடியில வச்சிக்கிட்டே எண்ணுனது ஞாபகம் வருது.

அதுக்காக அந்தக் காலத்தக் கும்புடச் சொல்லல. அது பிராமணங்க சபை. கால் வேலி நெலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் தெரியணும். நானும் நீயும் வாசப்படியத் தாண்டியிருக்க முடியாது. ஆனா அவங்க கணக்குல கறாரு. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரு கொடத்துக்கு வராது. அவன் மட்டுமில்ல, அவன் அப்பன், மவன், மாமனாரு, மருமவன், மாமன், அத்த மவன், அக்கா தங்கச்சி புருஷன், பொண்டாட்டி கூடப் பொறந்தவன் வரைக்கும் பட்டியலு போவுது. கடைசியாச் சொன்னவன் யாரு? மச்சான். ஒன் பொருளாளரு ஒனக்கு என்னா மொற தம்பி?

சிரிக்காத. நம்ம ஊருல இந்த விதியப் போட்டா மன்றத்துல மேசை நாக்காலி மட்டுந்தான் மிஞ்சும், எனக்கும் தெரியும். மச்சான் இருக்கட்டும், பாஸ்புக்க என்ட்ரி போட்டியா? முந்திரி ஒடைக்கிற பொம்பளைவோ ஆளுக்கு அம்பதும் நூறுமாக் குடுத்தாங்க. கொட்டப் பாலு பட்டுத் தோலு உரிஞ்ச கையால குடுத்த பணம். அதுக்கு ரசீது எங்க?

"நான் இல்லன்னா மன்றம் படுத்துக்கும்"னு டீக்கடையில சொன்னியாம். இந்தா, வடலூருல வள்ளலாரு 1867ல தருமசாலை அடுப்ப மூட்டுனாரு. 1874ல மேட்டுக்குப்பத்துல அறைக்குள்ள போனவரு திரும்பி வரல. அடுப்பு இன்னிக்கும் எரியுது, வர்றவங்களுக்குச் சோறும் வேவுது. அவரு இல்லாம நடக்குது. ஒன் மன்றத்துச் சாவி ஒங்கிட்ட, ரப்பர் ஸ்டாம்பு ஒங்கிட்ட, பேங்கு செக்குப் புக்கும் ஒங்கிட்ட. பின்ன படுக்காம என்னா பண்ணும்? மூணு வருஷத்துல ஒரு பொடியனுக்காவது பதிவு ஆபீசுக்கு எந்தப் படிவம் போவணும்னு காட்டிக் குடுத்தியா?

நீ ஒழைக்கலன்னு சொல்ல மாட்டேன். ரத்ததான முகாமுக்கு அலைஞ்ச, தானே புயலுல மரமெல்லாம் சாஞ்சப்ப சின்னப் பையனா இருந்தும் வந்து நின்ன. அதனாலதான் ஒங்கிட்ட இவ்வளவு பேசுறேன். பலாப்பழம் அறுக்குறவன் மொதல்ல உள்ளங்கையில எண்ணெயத் தடவிக்குவான், இல்லன்னா பாலு ஒட்டிக்கிட்டு நாலு நாளைக்கு உடாது. நீ தடவாம கைய வச்சிட்ட, அவ்வளவுதான்.

நிக்கணும்னா நில்லு. ஃபிளெக்ஸக் கழட்டிப் படிப்பகத்துக் கூரையில ஒழுவுற எடத்துக்குப் போடு, மூஞ்சி உள்பக்கம் பாத்தாப்புல இருந்தாக் கூடப் பரவால்ல. முகூர்த்தம் இல்லாத ஞாயித்துக்கெழமையாப் பாத்துக் கூட்டத்த வையி. வரவு செலவ நீயே வாசி, மச்சான்கிட்டக் குடுக்காத. வாசிச்சி முடிச்சப்பறம் தேர்தல வச்சிக்க.

நானும் வருவேன். முன்மொழியச் சொல்லி எம்பக்கம் கையக் காட்டாத, காது கேக்கலன்னு சொல்லிப்புடுவேன். கணக்கு வாசிக்கிறப்ப மட்டும் எனக்கு நல்லாக் கேக்கும்.