கைக்காசைக் கோடியாக்குவது எப்படி? ஓர் எளிய கையேடு

பாட்டியின் சுருக்குப்பையிலோ பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியிலோ உங்களுக்கு ஒரு பழைய காசு கிடைத்திருக்கிறது. இது சாதாரணக் காசு இல்லை என்று உள்மனசு சொல்கிறது. வாழ்த்துகள், நீங்கள் கோடீஸ்வரர். அந்த நிலைமை கெடாமல் இருக்கச் சில வழிகளைச் சொல்கிறேன். என் பீரோவிலும் அப்படி ஒரு காசு முப்பது வருஷமாக இருக்கிறது.

படி 1: வருஷத்தை மட்டும் பாருங்கள். என்னுடையது 1862 என்று போட்ட விக்டோரியா வெள்ளி ரூபாய். நூற்றி அறுபது வருஷம் தாண்டியாயிற்று, விலை கேட்கவா வேண்டும்! 1874 பிறக்கும்வரை அடித்த ரூபாய்க்கெல்லாம் அதே 1862-ஐத்தான் போட்டார்கள், அதனால் அது மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அதைவிட 77 வருஷம் இளையதான 1939-ஆம் வருஷத்து ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்தான் அபூர்வம், அதிலும் போலிகள் ஏராளம் என்பார்கள். 'கூழாங்கல்லுக்குக்கூடத்தான் லட்சம் வருஷம் வயசு, யார் வாங்குகிறார்கள்?' என்றும் கேட்பார்கள். இப்படிப்பட்டவர்களுக்குக் காபி கொடுக்காதீர்கள்.

படி 2: நன்றாகத் தேயுங்கள். புளி, உப்பு, விபூதி, பாத்திரப் பவுடர் எல்லாம் உதவும். முகம் தெரியும்வரை தேயுங்கள். நூறு வருஷமாகக் காசின் மேல் படிந்த நிறத்துக்குத்தான் சேகரிப்பவர்கள் விலை கொடுக்கிறார்கள். தேய்த்த காசைப் பார்த்தால் முகத்தைச் சுளித்துத் தள்ளிவிடுவார்கள். தள்ளட்டும். எவரும் விலை வைக்காத பொருளைத்தானே விலைமதிப்பற்றது என்கிறோம்!

படி 3: பூதக்கண்ணாடி வாங்குங்கள். காசில் வருஷத்துக்குக் கீழே பாருங்கள். புள்ளி இருந்தால் அது நொய்டாவில் அடித்தது, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைர வடிவம் என்றால் மும்பை. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா என்று புத்தகம் சொல்லும். நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டு, 'குறி விடுபட்டுப்போன அச்சுப்பிழைக் காசு' என்று ஒரு தாளில் எழுதி, காசோடு மடித்து வையுங்கள். சாவிக்கொத்தோடு உரசி விழுந்த கீறல் இருந்தால் அதையும் பிழைக் கணக்கில் சேர்க்கவும்.

படி 4: கேட்கிற விலையைப் பாருங்கள், விற்ற விலையைப் பார்க்காதீர்கள். வைஷ்ணோ தேவி படம் போட்ட பத்து ரூபாய் 2012-இல் வந்தது. அதற்குப் பத்து லட்சம் என்று வாட்ஸப்பில் மாமா அனுப்புவார். யாரோ பத்து லட்சம் கேட்டிருக்கிறார் என்பதுதான் அதற்கு அர்த்தம். கேட்பதற்குக் காசா பணமா? இதே மாமாதான் டீக்கடையில் மீதியாக வந்த பத்து ரூபாய்க் காசை, 'இது செல்லாதுப்பா, நோட்டாக் குடு' என்று திருப்பிக் கொடுத்தவர். பதினான்கு வடிவங்களில் வந்த எல்லாப் பத்து ரூபாய்க் காசும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் சொல்லியும் அவர் கேட்கவில்லை. பத்து ரூபாய்க்குக்கூடப் போகாத காசு பத்து லட்சத்துக்குப் போகும் என்று ஒரே நாளில் நம்பக்கூடிய மனசு எல்லோருக்கும் வாய்க்காது.

படி 5: சரித்திரத்தைக் கிளறாதீர்கள். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று ஒரு செப்புக்காசு உங்களிடம் வரலாம். கம்பெனிக்காரன் அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை, பிற்காலத்தில் யாரோ பண்ணியது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். கொண்டுவந்தவரோ, காசு அரிசியை இழுக்கும் என்பார், கண்ணெதிரே இழுத்தும் காட்டுவார். அரிசியில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று கேட்பது விருந்தாளிக்கு மரியாதை இல்லை.

படி 6: வாங்குபவரை நம்புங்கள். ஒருநாள் போன் வரும். 'சார், உங்க காசுக்கு ஐம்பது லட்சம் முடிவாயிடுச்சு. வரிக்கு மட்டும் முன்பணம் அனுப்பிடுங்க' என்பார். கூடவே ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதமும் வரும். பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை, கமிஷனோ வரியோ தான் கேட்பதில்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. கடிதத்தில் அந்த வரியை மட்டும் காணோம். ஐம்பது லட்சம் தருகிறவர் வரியை அதிலேயே கழித்துக்கொண்டால் என்ன என்ற கேள்வி, பணம் அனுப்பிய மறுநாள்தான் தோன்ற வேண்டும்.

படி 7: தராசைக் கண்டால் எழுந்துவிடுங்கள். மிக முக்கியமான படி இதுதான், நான் தவறவிட்டதும் இதைத்தான். என் ரூபாயை ஒருமுறை காசு வியாபாரி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ராணியின் முகத்தைப் பார்க்கவில்லை, வருஷத்தைப் பார்க்கவில்லை. நேராகத் தராசில் போட்டார். ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 'வெள்ளி விலைக்கு எடுத்துக்கிறேன் சார். தேய்க்காம இருந்தா கொஞ்சம் சேர்த்துப் போட்டிருப்பேன்' என்றார். அந்த மாதப் பால் கணக்கு தீர்ந்திருக்கும்.

எழுந்து வந்துவிட்டேன். 'கேட்டாங்களா?' என்றாள் மனைவி. 'ஏமாத்தப் பார்த்தான், நான் மசியலை' என்றேன். விற்றால் அது பால் கணக்கு, விற்காதவரை அடையாறில் ஒரு வீடு. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வீட்டுக்காரர் மாடிப்படி ஏறிவரும் சத்தம் கேட்டதும் பீரோவைத் திறந்து அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். பிறகு, பக்கத்திலிருக்கும் கவரை எடுத்து வாடகையை எண்ணுகிறேன்.