கடைசி ஆளாக வந்த குருசாமி

கார்த்திகை முதல் தேதி போடிநாயக்கனூரில் கறிக்கடைகளில் கூட்டம் குறைந்துவிடும். சுப்பிரமணியசாமி கோயில் வாசலில் விடியலுக்கு முன்பே ஈரத்தலையோடு ஆண்கள் மாலை போட நிற்பார்கள். நான் சிறுவனாக இருந்தபோதும் இப்படித்தான், போன வருடமும் இப்படித்தான். மாறியிருப்பதெல்லாம் மாலை போட்டதற்குப் பிறகு வரும் நாட்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் கன்னிசாமியாக மாலை போட்டேன். எங்கள் குருசாமி ஏலக்காய்க் கடையில் மூட்டை தைக்கிறவர். மலையில் காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் காலம் அது. பகலெல்லாம் கோணி ஊசியும் சணலுமாக இருப்பார். சாயங்காலம் கொட்டகுடி ஆற்றில் முங்கி எழுந்து நீறு பூசிக்கொண்டால் வேறு ஆளாகத் தெரிவார். கடை முதலாளியும் அவரிடம்தான் மாலை வாங்கினார். ஆறு மணிக்கு மேல் முதலாளி அவர் காலில் விழுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கும் சபரிமலைக்கும் உள்ள உறவை அவர் கதையாகச் சொல்வார். 1950-ல் அந்தக் கோயில் தீப்பிடித்து மூலச்சிலை பழுதானது. மறு ஆண்டு பிரதிஷ்டையான ஐம்பொன் சிலையைச் செய்வித்துக் கொடுத்தவர் உத்தமபாளையத்துக்காரரான பி.டி.ராஜன். நீதிக்கட்சித் தலைவர், 1936-ல் சில மாதம் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவர். சபரிமலைக்குப் போகுமுன் அந்தச் சிலை தமிழகத்து ஊர்களில் ஊர்வலமாக வந்தது. ராஜனோடு சேர்ந்து இந்த ஊர்வலத்தை நடத்திய நவாப் ராஜமாணிக்கம் 'சுவாமி ஐயப்பன்' நாடகத்தை ஊர் ஊராகப் போட்டார். அவருடைய நாடகக் குழுவில் வளர்ந்த எம்.என்.நம்பியார், பின்னாளில் மகா குருசாமி என்று பெயர் எடுத்தார். இன்று தமிழ்நாட்டில் இத்தனை பேர் மாலை போடுவதற்கு, உத்தமபாளையத்துக்காரர் ஒருவரும் ஒரு நாடகக் குழுவும் பெரிய காரணம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கே இது தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது.

விரதம் ஒரு மண்டலம். எங்கள் கணக்கில் 48 நாள். காலை மாலை பச்சைத் தண்ணீரில் குளியல், செருப்பு கிடையாது, பாயும் தலையணையும் கிடையாது, எவரையும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். இதெல்லாம் எல்லாக் குழுவிலும் உண்டு. எங்கள் குருசாமியிடம் இன்னொன்று இருந்தது. சாயங்காலம் சாமி வீடுகளுக்கு நடந்தே வருவார். பெரியவர்களிடம் ஒன்றும் கேட்கமாட்டார். வீட்டில் யார் ரொம்பச் சின்னப் பிள்ளையோ அதைக் கூப்பிட்டு, "சாமி இன்னிக்கு வீட்டுல சத்தம் போட்டாரா தாயி?" என்பார். என் தங்கைக்கு அப்போது ஐந்து வயசு. அவள் வாயில் என்ன வருமோ என்று அப்பாவும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அதட்டிப் பேசியே பழகிய அப்பா, அவள் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொள்வார். வருடம் முழுக்க மற்றவர் பயப்படும் ஆள், அந்த 48 நாளும் வீட்டின் கடைக்குட்டிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மனிதனை உள்ளுக்குள் திருத்துகிற வழிகளில் இதைவிடக் கூரான ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

அம்மாவும் எங்களோடு விரதம் இருந்தார். மூன்று மணிக்கு எழுந்து குளித்து, தனிப் பாத்திரத்தில் சமைத்து, பூஜைக்குப் பூத்தொடுத்து, கன்னிபூஜை அன்று தெருவுக்கே சோறு போட்டார். இருமுடி கட்டும் நாளில் அதில் பிடி அரிசி போட்டு வழியனுப்பியதோடு அவருடைய பயணம் முடிந்தது. நடக்கிற பாக்கியம் எங்களுக்கு, அதற்கான பாடுகளில் பாதி அவருக்கு. அன்று இதை யாரும் கேள்வியாகக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

மார்கழிக் கடைசியில் புறப்படுவோம். சிலமலை, தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம், கூடலூர். வழி நெடுக வலது கைப் பக்கம் ஏலமலை சுவராக நிற்கும். கம்பம் பக்கம் திராட்சைப் பந்தல்கள், முல்லைப் பெரியாற்றில் குளியல், லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏற்றம். பிறகு வண்டிப்பெரியாறு, சத்திரம், உப்புப்பாறை, புல்மேடு. எருமேலிப் பெருவழியைப் போலவே இதுவும் பழைய காட்டுவழி. கிழக்கேயிருந்து போகிற தமிழர்களுக்கு வாகான வழி. சன்னிதானத்துக்கு இறங்கும் அந்தக் கடைசிச் சரிவில் முட்டி கழன்றுவிடும் போலிருக்கும்.

குருசாமி எங்களுக்கு முன்னால் நடக்கமாட்டார். வழி தெரிந்த ஒரு பழைய சாமியை முன்னால் விட்டுவிட்டு, கடைசி ஆளாக வருவார். "முன்னால போறவனுக்கு வழி தெரிஞ்சாப் போதும் சாமி. யாருக்கு முடியல, யாரு வெளிய சொல்லாம வலியத் தாங்குறாங்கிறது பின்னால வர்றவனுக்குத்தான் தெரியும்" என்பார். கிழவர்களுக்கும் சிறுவர்களுக்கும் என்ன வேகமோ அதுதான் கூட்டத்தின் வேகம். ஏற்றத்தில் சரணம் விட வைப்பார். ஒருவர் விட, மற்றவர் வாங்க, மூச்சு தன்னால் ஒழுங்குக்கு வரும். இருட்டுவதற்கு முன்பே விரி போட்டுத் தங்கிவிட வேண்டும். யானைத்தடம் பார்த்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். படுக்கப் போகுமுன் ஒருவரையொருவர் கும்பிட்டு, "மனசு நோகப் பேசியிருந்தாப் பொறுத்துக்கிடணும் சாமி" என்று சொல்ல வேண்டும். கடை முதலாளி இதைச் சொல்லும்போது எதிரே நின்றவர் அவரிடம் கூலி வாங்கும் மூட்டைக்காரர்.

இந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. மலையில் ஒரே அடுப்பில் பொங்கித் தின்ற கூட்டம்தான் ஊருக்குத் திரும்பி மாலையைக் கழற்றியது. கழற்றிய மறுநாள் டீக்கடையில் யார் பெஞ்சில் உட்காரலாம், யார் நின்றுகொண்டு குடிக்க வேண்டும் என்ற கணக்கு பழையபடி வந்துவிட்டது. 1989-ல் போடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சாதிக் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. ஒவ்வொரு கார்த்திகையிலும் தெருக்களில் அத்தனை பேர் ஒருவரையொருவர் 'சாமி' என்று கூப்பிட்ட ஊர் இது. அந்த வருடத்துக்குப் பிறகு, விரதம் மனிதனை மாற்றிவிடும் என்று யார் மேடையில் பேசினாலும் எனக்கு வயிற்றில் ஏதோ பிசையும். 48 நாள் ஒரு கதவைத் திறக்கும், அவ்வளவுதான். மீதி 317 நாளும் அதைச் சாத்தாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எங்கள் குருசாமி அதற்கும் முயன்றார். மாலை கழற்றிய பிறகும் முதலாளியை 'சாமி' என்றே கூப்பிட்டார். முதலாளி திரும்ப அப்படிக் கூப்பிடவில்லை.

இப்போது வேன் ராத்திரி பத்து மணிக்குப் புறப்படுகிறது. தரிசன நேரத்தைச் செல்போனிலேயே முன்பதிவு செய்துகொள்ளலாம். நிலக்கல்லில் வேனை விட்டுவிட்டு, பஸ்ஸில் பம்பை போய், ஏறி இறங்கி, மறுநாள் ராத்திரிக்குள் போடிக்கு வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று நாள் விரதமும் உண்டு, இருமுடி கட்டும் அன்றே மாலை போடுவதும் உண்டு. வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் வண்டி வசதி பெரிய வரம்; வழியில் மருத்துவ மையங்களும் குடிநீரும் இருப்பது எவ்வளவோ உயிரைக் காத்திருக்கிறது. பழைய காலத்தில் காய்ச்சல் கண்டு திரும்பாமல் போனவர்கள் பேச்சு எங்கள் தெருவிலேயே உண்டு. அந்தத் துன்பம் திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இருபது வயசுப் பையனுக்கு வேன் சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பும் குருசாமி, அவனுக்குச் சேர வேண்டிய ஒன்றைக் கொடுக்காமல் விடுகிறார்.

அதே பையன்களும் பெண்களும் நடையைத் தேடி இன்று எங்கள் மலைக்கு வருகிறார்கள். 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நின்றுபோன போடி ரயில் 2023 ஜூனில் திரும்ப ஓடத் தொடங்கியது. சென்னை ரயிலில் முதுகுப்பையோடு இறங்கி, குரங்கணிக்கு ஜீப் பிடிக்கிறார்கள். வேலையிலிருந்து விலகி நாலு நாள் தனக்குள் பார்க்க வேண்டும், தன்னைத் தானே புரிந்துகொள்ள வேண்டும் என்று பேசுகிறார்கள். அந்தத் தாகம் உண்மையானது; கேலி பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கள் அம்மாவுக்குக் கிடைக்காத மலைநடை இந்தப் பெண்களுக்குக் கிடைப்பதில் எனக்கு மனநிறைவு உண்டு.

அதனால்தான் 2018 மார்ச் 11 இன்னும் சுடுகிறது. அன்று குரங்கணிக்கு மேலே காய்ந்த புல்சரிவில் காட்டுத்தீ, மலையேற வந்த இரண்டு குழுக்களைச் சூழ்ந்துகொண்டது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெண்கள் பலர். கீழிருந்து ஓடிப்போய்ப் போர்வையில் கிடத்தித் தூக்கி வந்தவர்களில் குரங்கணி, கொட்டகுடி ஆட்கள் பலர். மாசி, பங்குனியில் எங்கள் மலைப்புல் எப்படிக் காயும் என்பது இங்கே ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும். சபரிமலை நடை கார்த்திகை, மார்கழியில் வருவதால் ஓடையில் தண்ணீர் இருக்கும், புல்லில் ஈரம் இருக்கும். காலம் பார்த்து நடப்பதை எங்களுக்கு விரதத்தோடு சேர்த்தே பழக்கினார்கள்.

பக்தியும் தனியாகக் காப்பாற்றிவிடாது. 2011 ஜனவரி 14 இரவு, மகரஜோதி பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்டம் நாங்கள் நடந்த அதே புல்மேட்டில் நெரிபட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இரண்டு சம்பவங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது ஒன்றுதான்: கூட்டிக்கொண்டு போகிறவருக்குக் காடும் தெரிந்திருக்க வேண்டும், கூட வருகிற ஒவ்வொரு ஆளும் தெரிந்திருக்க வேண்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தபோது, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. குரங்கணிப் பாதையும் அதில் உண்டு. காட்டுத்தீப் பருவத்தில் மூடுகிறார்கள். நல்ல ஏற்பாடு, தளர்த்திவிடக் கூடாது.

நடந்தால்தான் தெரியவரும் இன்னொன்றும் இருக்கிறது. 2023 ஜனவரியில் சபரிமலைப் பிரசாதமான அரவணைப் பாயசத்தில் போட்ட ஏலக்காயில் பூச்சிமருந்து அளவுக்கு மேல் இருப்பதாகச் சோதனையில் வந்து, கேரள உயர் நீதிமன்றம் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்களின் விற்பனையை நிறுத்தியது. 2024-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கு எப்படியோ முடிந்துவிட்டது. ஆனால் சாமி பிரசாதத்தில் மருந்து என்று போடியில் பேசிக்கொண்டபோது, அந்த மருந்தை அடிக்கிற கையும், அதே செடிக்கடியில் உட்கார்ந்து காய் எடுக்கிற பெண்களும் யார் நினைவுக்கும் வந்ததாகத் தெரியவில்லை. வேனில் போகிறவருக்கு ஏலத்தோட்டம் கண்ணாடிக்கு வெளியே போகிற பச்சை. நடந்தபோது அங்கே ஓடைத் தண்ணீரைக் கைகுவித்துக் குடித்தோம்; காய் எடுக்கும் பெண்கள் எங்களை நிறுத்தி வெல்லம் கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்தில் மருந்து நாற்றம் என்று மூக்குக்குத் தெரிந்தது.

வருகிற கார்த்திகையில் மாலை போட்டுவிடும் குருசாமிமார்களிடம் கேட்டுக்கொள்கிறேன். மண்டலத்தைக் குறைக்காதீர்கள். சாயங்காலம் ஒரு நடை சாமிமார் வீட்டுக்குப் போய், சின்னப் பிள்ளைகளிடம் கேட்டு வாருங்கள். போடியிலிருந்து நடக்க முடியாவிட்டால், கால் திடமாக உள்ளவர்களையாவது வண்டிப்பெரியாறு தாண்டிச் சத்திரத்தில் இறக்கி, வனத்துறை சொல்லும் நேரத்துக்குள் புல்மேடு வழியாக நடத்திக் கூட்டிப் போங்கள். பிளாஸ்டிக் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். நீங்கள் கடைசி ஆளாக வாருங்கள். மாலை கழற்றிய பிறகும் உங்கள் சாமிகள் ஒருவரையொருவர் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று, அடுத்த கார்த்திகை வரை காது கொடுத்துக் கேளுங்கள்.