குள்ளர் கோட்டையும் கூலி கேட்காத மேஸ்திரியும்

மன்னர்கள் கோட்டை கட்டிய கதையைப் பள்ளியில் படித்திருப்போம். மன்னர் கையை நீட்டுவார், மற்றவன் கல் சுமப்பான். 2006 ஆகஸ்டில் டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்’ என்ற கணினி விளையாட்டை வெளியிட்டு இந்த நீதியைக் கொஞ்சம் திருத்தினார்கள். கல் சுமப்பது இப்போதும் குள்ளர்கள்தான். விரல் வீங்குவது மட்டும் மன்னருக்கு.

வந்த புதிதில் படம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மலை, மரம், மாடு எல்லாமே எழுத்தும் குறியும்தான். குள்ளர் ஒரு சிரித்த முகம். பசியில் சாகும்போதும் அதே சிரிப்பு. 1980-இல் வந்த ‘ரோக்’ விளையாட்டு, வீரனை வெறும் ‘அட்’ (@) குறியாக்கித் தொடங்கிவைத்த சிக்கனம் இது.

ஏழு குள்ளரோடு ஆரம்பம். கோட்டை பிழைத்துவிட்டால் கூட்டம் இருநூறைத் தொடும். ஆளுக்கொரு தனியறை கொடுத்தால்தான் மனம் குளிரும். நொந்துபோன குள்ளர் சாமானை உடைப்பார், பக்கத்து ஆளை அடிப்பார். அடிபட்டுச் செத்தவரின் நண்பர் நொந்துபோய் இன்னொருவரை அடிப்பார். நம் கூட்டுக்குடும்பச் சொத்துத் தகராறெல்லாம் இதற்கு முன்னால் தூசு.

சரி, அறை கட்டலாம் என்றால், அந்தப் பழைய பதிப்பில் ‘டி’ அழுத்து, மறுபடி ‘டி’ அழுத்து, அம்புக்குறியால் ஒரு மூலைக்குப் போ, என்டர், எதிர்மூலைக்குப் போ, என்டர். கட்டிலுக்கு வேறு மெனு, கதவுக்கு வேறு. இதை இருநூறு தடவை!

விரல் தேய்ந்த ஒரு ரசிகர் அப்போது எழுதிய கருவிதான் ‘குவிக்ஃபோர்ட்’. விரிதாளில் ஒரு கட்டம், மலைக்குள் ஒரு கட்டம். தோண்டும் இடத்தில் ‘டி’, கட்டிலுக்கு ‘பி’, நாற்காலிக்கு ‘சி’ என்று அடித்து, சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, கட்டளை வரியில் கருவியிடம் நீட்டினால் போதும். விளையாட்டுக்கு வேண்டிய பொத்தான் அழுத்தல்களை அதுவே வரிசையாக எழுதித் தரும். இதே அறை கிழக்கே நாலு வேண்டும் என்றால் அதற்கும் ஒரு குறிப்பு உண்டு.

கூலி கேட்காத மேஸ்திரி; ஆனால் கண் தெரியாது. தோண்டி முடியுமுன் கட்டில் போடச் சொன்னால், பாறை என்றும் பாராமல் பொத்தானை அழுத்திக்கொண்டே போகும். பிளானுக்குக் குறுக்கே ஆறு ஓடினால் அது ஆற்றின் பாடு, குள்ளரின் பாடு.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-இல் இந்த விளையாட்டைப் பிக்காசோவோடு ஒரே கூரைக்கடியில் சேர்த்துக்கொண்டது. 2022 டிசம்பரில் ‘ஸ்டீம்’ என்ற இணையக் கடையில் படங்களோடு, மவுஸோடு விற்பனைக்கு வந்தது. குவிக்ஃபோர்ட் ‘டிஎஃப்ஹேக்’ என்ற துணைக்கருவிக்குள் புகுந்து இன்றும் அதே விரிதாளைப் படிக்கிறது. பழைய எழுத்துப் பதிப்பு இப்போதும் இலவசம். இறக்கிப் பாருங்கள், மறுநாள் ஆபீஸ் இருக்கிற ராத்திரியில் மட்டும் வேண்டாம்.