மலைக்கோட்டை: வாசகர் கேள்விகள்

கே: திண்டுக்கல் மலைக்கோட்டையைக் கட்டியது திப்பு சுல்தான்தானே? (பழனி வாசகர்)

ப: இல்லை. மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர், 1605-ல். திருமலை நாயக்கர் பலப்படுத்தினார். ராணி மங்கம்மாள் படி வெட்டினார். 1755-ல் மைசூர் ஃபவுஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுப் பொறியாளர்களை வைத்து இங்கே ஆயுதச்சாலை அமைத்தார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை கம்பெனி கைக்குப் போனது. இத்தனை பேருக்கும் சேர்த்துத் திப்பு ஒருவரே பேர் வாங்கிவிட்டார்.

கே: காக்கசஸ் பக்கம், ஜார்ஜியாவில் பாழடைந்த கோட்டையைப் புத்தம்புதிதாக்கிவிட்டார்களாமே. நமக்கு மட்டும் ஏன் முடியவில்லை? (வத்தலக்குண்டு வாசகர்)

ப: அகால்ட்சிகே ஊரின் ரபாத்தி கோட்டையைச் சொல்கிறீர்கள். 2011, 2012-ல் மளமளவென்று எடுத்துக் கட்டினார்கள். சுற்றுலாக் கூட்டம் வருகிறது. அந்தச் சிற்றூருக்கு அது நல்ல வரும்படி. ஆனால் எது பழைய கல், எது புதுக் கல் என்று பிரிக்க முடியவில்லை என்று அறிஞர்கள் குறைப்பட்டார்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது 1964-ன் வெனிஸ் சாசனம். நம் கோட்டைக்குப் புதுமுகம் வேண்டாம். இருக்கும் சுவர் விழாமல் நின்றால் போதும்.

கே: நான் கொத்தனார். சிமென்ட் பூசினால் ஒரே மாதத்தில் முடிகிற வேலையை ஏன் இழுக்கிறார்கள்? (நிலக்கோட்டை வாசகர்)

ப: நீங்கள் கேட்டதால் விரிவாகவே சொல்கிறேன். பழைய செங்கல் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக்காரை அந்த ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. உள்ளே தங்கிய ஈரம் உப்பாகப் பூத்து, செங்கல் பொடிப்பொடியாக உதிரும். பூச்சு அப்படியே நிற்கும், பின்னால் சுவர் இருக்காது. காரைக்குச் சுண்ணாம்பை நீற்றி நாள்கணக்கில் ஊறவைக்க வேண்டும். மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும். பூசிய பிறகும் மெல்லத்தான் இறுகும். இந்தக் கைப்பக்குவம் தெரிந்தவர்கள் அருகிவருகிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்குக் கூலி கொடுத்தே இதைக் கற்றுத்தர வேண்டும். கோட்டைக்காக ஒதுக்கும் பணத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

கே: சுவர் இடுக்கில் முளைத்த ஆலங்கன்றை நாங்களே பிடுங்கலாமா? (திண்டுக்கல் மாணவர்)

ப: கூடாது. வேரோடு சுவரும் வரும். தொல்லியல் துறை ஊழியரிடம் இடத்தைக் காட்டுங்கள்.

கே: கல்லில் காதலி பெயரைச் செதுக்கினால்? (சின்னாளபட்டி வாசகர்)

ப: இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். காதலியிடமே சொல்லிவிடுங்கள்.

கே: கோட்டையை ஒட்டி எங்கள் வீடு. மாடி எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள். கல்லுக்கு உள்ள மதிப்பு மனுஷனுக்கு இல்லையா? (திண்டுக்கல் வாசகி)

ப: நியாயமான கோபம், அம்மா. 2010 சட்டத் திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்டலாம். பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். ஊருக்கெல்லாம் பெருமை தரும் கோட்டையின் பாரத்தைச் சுமப்பவை அடிவாரத்து வீடுகள். அங்கே குடியிருப்பவர்களுடைய மனுவுக்காவது தாமதமில்லாமல் பதில் வர வேண்டும்.

கே: பள்ளிப் பிள்ளைகளுக்கு மேலே எதைக் காட்டுவது? (நத்தம் ஆசிரியை)

ப: வெயில் ஏறுமுன் ஏறுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வெடிமருந்துக் கிடங்கு, பீரங்கி மேடை, உச்சியில் மூலவர் இல்லாத கோயில், எதிரே சிறுமலை. கம்பெனியை எதிர்த்து 1801-ல் தூக்கிலேறிய விருப்பாச்சி கோபால் நாயக்கரின் கதையையும் அங்கேயே சொல்லுங்கள்.