உயர்திரு பயாஸ் அவர்கள் சமூகத்துக்கு ஒரு மேல்முறையீடு

அனுப்புநர்
1997-ஆம் ஆண்டு மேசைக் கணினி ஒன்றின் இந்நாள் உரிமையாளர்,
சென்னை.

பெறுநர்
உயர்திரு பயாஸ் அவர்கள்,
மெஷினை எழுப்பிவிடும் நிரல்,
128 கேபி ரோம் சிப், சாக்கெட் 7 மதர்போர்டு,
பழுப்பேறிய கேபினெட்.

பொருள்: பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க், சவுண்ட் கார்டு ஆகியவற்றைத் தரம் உயர்த்த அனுமதி கோரியது – இழுத்தடிப்பு – மேல்முறையீடு – தொடர்பாக.

பார்வை: 1. கறுப்புத் திரையில் தாங்கள் வெள்ளை எழுத்தில் வெளியிட்ட அறிவிப்புகள். 2. நெடிலாக ஒன்றும் குறிலாக இரண்டுமாகத் தாங்கள் எழுப்பிய பீப் ஒலி.

ஐயா,

இந்த வயதில் இந்த மெஷினுக்கு அப்கிரேட் எதற்கு என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். பழைய டாஸ் விளையாட்டுகளும், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டிவைத்த கோப்புகளும் அதில்தான் ஒழுங்காகத் திறக்கின்றன. ஆகவே தங்கள் அலுவலகத்தைத் தவிர எனக்குப் போக்கிடம் இல்லை. இதுவரை நான் கொடுத்த விண்ணப்பங்கள் மீது தாங்கள் எடுத்த, எடுக்காத, எடுத்துவிட்டு மறந்துபோன நடவடிக்கைகளைக் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதலில் தங்கள் ஞாபக சக்தி. 1984-இல் ஐபிஎம் ஏடி வந்தபோது அதிலிருந்த கடிகாரச் சிப்பில் மொத்தமே 64 பைட் இடம். கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும் 14 போக, மீதி 50 பைட்டுக்குள் எந்த டிஸ்க், எவ்வளவு நினைவகம், எந்த ஃப்ளாப்பி என்று அலுவலகத்தின் முழுப் பதிவேடும் அடங்கிவிட்டது. கரண்ட் இல்லாத நேரத்தில் அந்தப் பதிவேட்டைக் காப்பது ஒரு பேட்டரி. என் போர்டில் அது சிஆர்2032 என்ற மூன்று வோல்ட் பட்டன் பேட்டரி; மூலைக்கடைக்குப் பக்கத்து வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அது தீர்ந்த மறுநாள் காலையில் தாங்கள் ‘சிமாஸ் செக்சம் எரர்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு, நீ யார் என்பதுபோல் என்னைப் பார்க்கிறீர்கள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்த அமைப்பெல்லாம் போயிற்று. தேதி தங்கள் பிறந்த ஆண்டுக்கே திரும்பிவிட்டது. ஆபீஸில் கோப்பு தொலைந்தால் மனுதாரரையே மறுபடி நகல் கொண்டுவரச் சொல்லும் மரபு எங்கிருந்து வந்தது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன்.

ஆனாலும் குறை சொல்லக் கூடாது. தங்கள் சகோதர அலுவலகங்களில் நிலைமை இன்னும் மோசம். சில போர்டுகளில் டல்லாஸ் டிஎஸ்12887 என்ற கடிகாரச் சிப்புக்குள்ளேயே பேட்டரியை வைத்து எபாக்சி ஊற்றி மூடிவிட்டார்கள். பத்தாண்டுக்கு மேல் தாங்கும் என்பது வாக்குறுதி. அதற்கப்புறம் என்ன செய்வது என்பதற்கு விதி கிடையாது. இன்று அந்தச் சிப்பின் தோளை அரத்தால் ராவி, உள்ளே பளபளக்கும் கம்பியைக் கண்டுபிடித்து அறுத்து, வெளியே ஒரு பட்டன் பேட்டரியைச் சால்டர் வைத்து ஒட்டுகிறார்கள். 386, 486 போர்டுகளிலோ பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி. வயதானதும் கசிந்து, சுற்றியுள்ள செப்புத் தடங்களை அரித்துத் தின்றுவிடும். பதிவேட்டுக்குக் காவல் வைத்தவனே கட்டடத்தைத் தின்ற கதை.

அடுத்து பிராசசர். இதற்கான படிவம் காகிதத்தில் இல்லை, ஜம்பரில் இருக்கிறது. இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு ஊசிகளின் தலையில் கவிழ்க்கும் குட்டித் தொப்பி அது. விரலால் பிடிக்க வராது. ட்வீசரால் பிடித்தால் எகிறிப்போய் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்கு அடியில் பதுங்கும். ஆனால் தொப்பியை மாட்டுவதைவிட, எங்கே மாட்டுவது என்பதுதான் வேடிக்கை. அட்டவணையில் போர்டின் வேகத்தைப் பெருக்கும் எண்ணாக 1.5, 2, 2.5, 3 என்று நான்கே வரிசை. 233 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் எம்எம்எக்ஸுக்கு வேண்டியது 3.5. “1.5-இல் போடுங்க சார், அது மூன்றரைன்னு எடுத்துக்கும்” என்கிறார் விஷயம் தெரிந்தவர். ஏஎம்டியின் கே6-2 பிராசசரில் பிந்தி வந்த ரகங்களுக்கு 2 என்று போட்டால் 6 என்று எடுத்துக்கொள்ளும். 66 மெகாஹெர்ட்ஸ் போர்டிலேயே 400 கிடைத்துவிடும்.

இதற்குக் காரணமும் உண்டு. பெருக்கலைச் சொல்ல பிராசசரின் காலில் ஒதுக்கிய ஊசிகள் இரண்டோ மூன்றோதான். புதிய பிராசசரை ஒன்றரை மடங்கில் ஓட்ட யாரும் வரப்போவதில்லை என்பதால், சும்மா கிடந்த அந்தக் குறிக்குப் புதுப் பொருள் கொடுத்துவிட்டார்கள். சட்டத்தைத் தொடாமல் விளக்கத்தை மட்டும் மாற்றும் இந்த வித்தையைத் தலைமைச் செயலகத்தில்தான் பார்த்திருக்கிறேன். வோல்டேஜ் ஜம்பரில் மட்டும் தாங்கள் விளக்கம் எதற்கும் இடம் தருவதில்லை. எம்எம்எக்ஸ் கேட்பது 2.8 வோல்ட், கே6-2 பெரும்பாலும் கேட்பது 2.2. பழைய இடத்திலேயே தொப்பியை விட்டுவிட்டுப் புதிய பிராசசரை உட்கார வைத்தால், அறிவிப்பு வராது, பீப்பும் வராது, வாசனைதான் வரும்.

மூன்றாவது, ராம். எந்த நாட்டு நிர்வாகத்திலும் காணாத ஒரு விதி இங்கேதான் இருக்கிறது: கூடக் கொடுத்தால் வேகம் குறையும். இந்தப் போர்டில் உள்ளது 1997-இல் வந்த 430டிஎக்ஸ் சிப்செட். அது 256 எம்பி வரை ராமை ஏற்கும். ஆனால் வேகம் கூட்டவென்று போர்டில் உள்ள கேச் நினைவகம் முதல் 64 எம்பியை மட்டுமே கவனிக்கும். மேற்கொண்டு வருவது எல்லைக்கு வெளியே உள்ள புறம்போக்கு. பட்டா உண்டு, ரோடு கிடையாது. இதில் பழைய விண்டோஸ் நினைவகத்தை உச்சியிலிருந்து எடுத்துக்கொள்ளும் பழக்கமுடையது. ஆக, ஆசையாக 128 எம்பி போட்டவர் வீட்டில் விண்டோஸ் நேராகப் போய்ப் புறம்போக்கில் குடியேறுகிறது. 64 எம்பியோடு நிறுத்திய எதிர்வீட்டுக்காரர் முந்திக்கொண்டு போகிறார். மெஷின் எழும்போது தாங்கள் 131072 கே வரை டகடகவென்று எண்ணிக் காட்டுகிறீர்களே, அதில் பாதிக்கு மேல் ரோடு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பரிகாரம் வெளியிலிருந்து வந்தது: 1999-இல் வந்த கே6-III தன் வயிற்றுக்குள்ளேயே 256 கேபி கேச்சை வைத்திருந்ததால், போர்டின் எல்லைக்கோடு அதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பஞ்சாயத்தை நம்பாமல் சொந்தமாகப் போர் போட்டுக்கொண்டவர் பிழைத்தார்.

நான்காவது, ஹார்ட் டிஸ்க். இது தங்கள் வம்சத்தின் பழைய வழக்கு. ஆதியில் பயாஸ் தரப்பு 1024 சிலிண்டர், 256 ஹெட், 63 செக்டர் வரை அனுமதித்தது, அதன்படி 8.4 ஜிபி வரை போகலாம். டிஸ்க் தரப்பின் ஏடிஏ விதி 65,536 சிலிண்டர், 16 ஹெட், 255 செக்டர் வரை அனுமதித்தது. அதன்படி 137 ஜிபி வரை போகலாம். இரண்டு துறையும் தாராளம்தான். ஆனால் மனுதாரர் இரண்டிலும் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் அல்லவா? ஒவ்வொன்றிலும் எது குறைவோ அதுவே செல்லும் என்றானது: 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். பெருக்கிப் பார்த்தால் 528 எம்பி. இரண்டு தாராளங்கள் கூடிப் பெற்ற கஞ்சத்தனம் அது. தொண்ணூறுகளில் எத்தனையோ பேருடைய புது டிஸ்க் அந்தக் கோட்டில் வந்து முட்டி நின்றது.

அந்த வழக்கு எப்படியோ முடிந்தது. என் வழக்கு அதற்கடுத்த கோட்டில். 1999-க்கு முந்தைய பல பயாஸ்களுக்கு 33.8 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. தெரியாது என்று சொல்வதுமில்லை. 40 ஜிபி டிஸ்க்கை மாட்டினால், அதைக் கண்டறியும் வரியிலேயே தாங்கள் கண்ணைத் திறந்தபடி உறைந்துபோகிறீர்கள். டிலீட் கீயை எத்தனை தட்டினாலும் அசைவில்லை. இதற்கு டிஸ்க் தயாரித்தவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: டிஸ்க்கின் முதுகில், மாஸ்டர்-ஸ்லேவ் ஊசிகளுக்குப் பக்கத்தில், இன்னொரு ஜம்பர். அதை மாட்டினால் 40 ஜிபி டிஸ்க், ‘நான் 32 ஜிபிதான் ஐயா’ என்று பணிவாகப் பொய் சொல்லும். தாங்களும் உடனே உயிர்பெற்று, அனுமதி கொடுத்துவிடுவீர்கள். வருமானச் சான்றிதழுக்கு வருமானத்தைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் மனிதரோடு நிற்கவில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

ஐந்தாவது, சவுண்ட் கார்டு. பிராசசரைக் கூப்பிட ஒவ்வொரு சாதனத்துக்கும் வேண்டிய ஐஆர்க்யூ இருக்கைகள் தங்களிடம் பதினாறு. அதில் ஒன்று, கட்டுப்பாட்டுச் சிப்கள் இரண்டை ஒன்றோடொன்று கோக்கவே செலவாகிவிடுகிறது. கடிகாரம், கீபோர்டு, ஃப்ளாப்பி, இரண்டு சீரியல் போர்ட், இரண்டு ஐடிஇ என்று முக்கியஸ்தர்கள் முன்வரிசையைப் பிடித்துவிட்டார்கள். பழைய ஐஎஸ்ஏ கார்டுகளுக்கு இருக்கையைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் கிடையாது. சவுண்ட் கார்டு ஐந்தாவது இருக்கையில் உட்காரும். அங்கே வேறு யாராவது இருந்தால் ஏழில் பிரிண்டரின் மடியில் போய் உட்காரும். பாட்டு ஓடும்போது பிரிண்ட் கொடுத்தால் இரண்டில் ஒன்று ஊமையாகும். பிறகு ‘பிளக் அண்ட் பிளே’ என்று ஒற்றைச் சாளர முறையை அறிவித்தார்கள். சாளரம் ஒன்றுதான்; உள்ளே போனால் பழைய கவுண்டர்கள் அத்தனையும் அப்படியே இருந்தன.

கடைசியாக, உலகப் புகழ்பெற்ற தங்கள் அறிவிப்பு: ‘கீபோர்டு இணைக்கப்படவில்லை; தொடர எஃப்1 அழுத்தவும்.’ ஆதார் தொலைந்துவிட்டது என்று போனவரிடம் ஆதார் நகல் கேட்கும் கவுண்டரில் நின்ற நாட்டில் இதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். படித்துவிட்டுப் போய் ஜெராக்ஸ் கடையைத் தேடுவார்கள்.

ஐயா, இவ்வளவும் எழுதியது தங்களைப் பதவி நீக்கம் செய்யச் சொல்வதற்காக அல்ல. தங்கள் அலுவலகத்தில் கோடுகள் நிறைய. ஒவ்வொன்றும் ‘இவ்வளவு போதும்’ என்று யாரோ ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு முன் எடுத்த முடிவு. ஆனால் அந்தக் கோடுகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஜம்பரின் எண் போர்டிலேயே வெள்ளை மையில் அச்சாகியிருந்தது. அட்டவணை கையேட்டில் இருந்தது. 1981-இல் ஐபிஎம் தன் முதல் பிசியை விற்றபோது, தொழில்நுட்பக் கையேட்டில் மின்சுற்று வரைபடத்தோடு பயாஸின் நிரலையும் வரிக்கு வரி அச்சிட்டுக் கொடுத்தது. நம் ஊரில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வர அப்போது 24 ஆண்டு பாக்கி. அந்தப் பயாஸ் செய்யும் வேலையை ஒரு குழு படித்துக் குறிப்பெழுத, அதைக் கண்ணாலும் பாராத வேறொரு குழு குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதித்தான் ஐபிஎம் அல்லாத பிசிக்களுக்குப் பயாஸ் பிறந்தது. தாங்களே அந்த வழி வந்தவர்தான்.

இன்றைய மெல்லிய லேப்டாப் பலவற்றில் இப்படி ஒரு மேல்முறையீடு எழுதவே முடியாது. ராம் போர்டோடு சேர்த்துச் சால்டர் ஆகியிருக்கிறது. வாங்கும் நாளில் 8 ஜிபி என்று சொன்னவர் ஆயுளுக்கும் 8 ஜிபிதான். தங்கள் வாரிசான யூஇஎஃப்ஐ வண்ணப்படமும் மவுஸ் அம்புமாக வரவேற்கிறார். கேட்பதற்குத்தான் அவரிடம் ஒன்றுமில்லை. தாங்கள் விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு இழுத்தடித்தீர்கள். அங்கே வாங்கும் சன்னலையே சுவர் வைத்துப் பூசிவிட்டு, சுவர் எவ்வளவு மெல்லியது பாருங்கள் என்று விளம்பரம் செய்கிறார்கள்.

ஆகவே ஐயா அவர்கள் கீழ்க்கண்டவற்றின் மீது ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்:

1. ராமை எண்ணும்போது, 64 எம்பியைத் தாண்டியதும் ‘இதற்கு மேல் ரோடு இல்லை’ என்று ஒரு வரி காட்டவும்.

2. டிஸ்க்கை ஏற்க இயலாவிட்டால், இயலாது என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கவும். உறைந்து உட்கார வேண்டாம்.

3. தங்கள் பணிமூப்பைக் கருத்தில் கொண்டு, புதிய லேப்டாப் ஏதேனும் ஒன்றுக்கு அயல்பணியில் சென்று, அங்கே ஒரே ஒரு காலி ராம் ஸ்லாட்டையாவது திறந்து வைக்கவும். கொடுத்த மனு தள்ளுபடியானாலும் பரவாயில்லை. கொடுக்க ஓர் இடம் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்.

இணைப்பு: ஜம்பர் தொப்பி – 1 (எஸ்எம்பிஎஸ் பெட்டிக்கு அடியிலிருந்து மீட்கப்பட்டது).

நகல்: ராமைச் சால்டர் வைத்து விற்கும் லேப்டாப் தயாரிப்பாளர்கள் அனைவருக்கும், தகவலுக்காக. நகலைச் செருக இடம் இல்லையென்றால், அதையே எழுத்தில் தெரிவிக்கவும்.