பேக்கப் ஓடுகிறது, எங்கே?

கேள்வி: எங்கள் போஸ்ட்கிரெஸ் சர்வரில் தினமும் ராத்திரி பேக்கப் ஓடுகிறது. அது போதாதா?

பதில்: ஓடுகிறது, சரி. போய்ச் சேருகிறதா? 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர், சர்வர் மாறி டேட்டா ஃபோல்டரையே அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் காலி! சர்வர் 9.6, நகலெடுக்க வந்த பிஜி டம்ப் 9.2. பதிப்பு ஒத்துவராமல் தினமும் தோற்றிருக்கிறது. அதைச் சொல்லவந்த மின்னஞ்சலையும் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பாவம், அதற்கு அடையாள முத்திரை சரியில்லையாம்! மானத்தைக் காப்பாற்றியது, வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட்.

முழு பேக்கப்போடு, மாற்றங்களின் பதிவைச் சேமித்துவைக்கும் வால் (WAL) ஆர்க்கைவிங்கும் போடுங்கள். விபத்துக்கு முந்தைய நிமிடம்வரை மீட்கலாம். நகல் வேறு ஊரில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். என்டர் தட்டும் முன் சர்வர் பெயரை வாய்விட்டுப் படிப்பது உத்தமம்.