ஏற்பாட்டு அண்ணாச்சி

மும்பை தேவ்நாரில் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் ஓர் ஏற்பாட்டு அண்ணாச்சி இருப்பார். கணபதிக்கு வர்கணி, அதாவது சந்தா, வசூலிப்பவர் அவர். தண்ணீர் வராத நாளில் டேங்கருக்கு போன் போடுபவர் அவர். லிஃப்ட் பாதியில் நின்றால் கைலியோடு முதலில் ஓடி வருபவரும் அவர்தான். கமிட்டித் தேர்தலில் நிற்க மாட்டார்; நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. செக்ரட்டரி எவராக இருந்தாலும், கையெழுத்துப் போடும் முன் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

எங்கள் அண்ணாச்சி சாத்தான்குளம் பக்கம் பிறந்தவர். மாஹுல் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் காலமெல்லாம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குத்தான் ஓய்வு கிடைத்தது, எங்களுக்கு இருந்தது போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலிங் பெல் அடித்தால் வீட்டில் எல்லாரும் தூங்குவதுபோல் நடிப்போம். அண்ணாச்சி கதவுக்கு வெளியே நின்றபடியே, "முழிச்சுத்தான் இருக்கீரு, ஃபேன் சத்தம் கேக்குல்லா?" என்பார்.

பாலைவனத்தில் ஓர் இரவு தங்கும் யோசனை அவருக்கு உதித்தது ஆட்டுச் சந்தையில். 1971-லிருந்து தேவ்நாரில் இருக்கும் மாநகராட்சி இறைச்சிக்கூடத்து மைதானம் பக்ரீத்துக்கு முந்தைய நாட்களில் ஒரு தனி ஊராகிவிடும். ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் லாரி லாரியாக ஆடுகள் வந்து இறங்கும். அண்ணாச்சி ஆடு வாங்குகிறவர் இல்லை. ஆனால் விலை விசாரிக்காமல் வீடு திரும்பவும் அவரால் முடியாது. அப்படி விசாரித்த இடத்தில் ஜெய்சால்மர் பக்கத்து வியாபாரி ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். அவருடைய மைத்துனர் மணல்மேட்டில் டென்ட் போட்டிருக்கிறார் என்று டீ ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே எங்களைக் கேட்காமல் எங்களை உள்ளே போட்டு ஒரு வாட்ஸ்அப் குழு உருவானது. பெயர்: "தார் 1".

குழுவில் செம்பூர் பாலக்காட்டு மாமா ஒருவர், அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார் ஒருவர், இந்தப் பக்கத்து மராத்தி நண்பர்கள் சிலர், பிறகு நான். பாந்த்ரா டெர்மினஸிலிருந்து ஜெய்சால்மருக்கு நேராகப் போகும் ரயில் இருக்கிறது. முன்பதிவுக் காலத்தை ரயில்வே 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தது 2024 நவம்பரில். அதில் தனிப்பட்ட முறையில் மனம் புண்பட்டவர் இந்தியாவிலேயே அண்ணாச்சி ஒருவர்தான். "அறுவது நாள்ல மனுஷன் என்னத்தப் பிளான் பண்ணுவான்?" என்று ஒரு வாரம் சோறு இறங்காமல் இருந்தார். பதிவு திறக்கும் நாளன்று காலை எட்டு மணிக்கு நாங்கள் எல்லாரும் அவரவர் போனோடு அவர் வீட்டு ஹாலில் உட்கார்த்தி வைக்கப்பட்டோம். எட்டு அடித்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் ஒரே ரயிலில் டிக்கெட் போட்டதில், பெட்டிக்கு ஒருவராகச் சிதறினோம். அதனால் வழி முழுவதும் அண்ணாச்சிக்கு ஆள் கணக்கெடுக்கும் வேலை இருந்தது. அவர் அதில் சந்தோஷமாகவே இருந்தார்.

சாமான் பட்டியலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அதில் கொசுவர்த்திச் சுருள் இருந்தது. ஜனவரி மாதப் பாலைவனத்துக்கு எதற்கு என்று கேட்டதற்கு, "கொசு வராதுன்னு எழுதிக் குடுப்பீரா?" என்றார். விசில் இருந்தது. கயிறு இருந்தது. குடை ஒன்றும் இருந்தது. அதைப் பற்றிக் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஜெய்சால்மருக்கு மேற்கே 40 கிலோமீட்டர் போனால் சம் மணல்மேடுகள். கூடாரம் என்றதும் மாமா மனத்தில் நான்கு குச்சியும் ஒரு கோணியும் ஓடியிருக்கின்றன. உள்ளே கட்டில், மெத்தை, வெந்நீர் வரும் குளியலறை எல்லாம் இருந்ததைப் பார்த்து, "இது எங்க ஃபிளாட்டைவிடப் பெரிசாயிருக்கே" என்றார். மும்பைக்காரன் எங்கே போனாலும் சதுர அடிதான் முதலில் கண்ணில் படும். அண்ணாச்சி வேறு வேலையில் இருந்தார். பிளக் பாயின்ட் எத்தனை, வெந்நீர் எத்தனை மணி வரை, கம்பளி ஆளுக்கு ஒன்றா இரண்டா என்று டென்ட் முதலாளியை நிற்க வைத்து விசாரித்தார். மணல் அவர் முதுகுக்குப் பின்னால் பொன்னாக மின்னிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கச் சொன்னோம். ஒரு நொடி பார்த்துவிட்டு, "இதென்னவே மண்ணு, வெளுத்துக் கெடக்கு. எங்க தேரி மண்ணப் பாக்கணும், குங்குமம் கணக்கா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கம்பளியை எண்ணப் போய்விட்டார். தேரிக்காட்டுச் செம்மணலில் பிறந்தவருக்கு இப்படிச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் அவர் இங்கே மணலைப் பார்த்த விதத்தை நினைத்தால், அந்தத் தேரியையும் அவர் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஒட்டகச் சவாரிக்கு அவர்தான் பேரம் பேசினார். பேசி முடிப்பதற்குள் சூரியன் பாதி இறங்கிவிட்டது. ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களைத்தான் முதலில் ஊன்றும். மேலே இருப்பவர் முன்னால் தூக்கி எறியப்படுவதுபோல் சாய்வார். இதைத் தெரிந்துவைத்திருந்த அண்ணாச்சி கீழே நின்று, "பின்னால சாயும்! பின்னால சாயும் வே!" என்று கூவிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டு ஒட்டகங்களே மிரண்டன. நீங்களும் ஏறுங்கள் என்றோம். "எல்லாரும் ஏறிட்டா பையெல்லாம் யாரு பாப்பா?"

சாப்பாட்டில் கேர் சாங்ரி வந்தது. சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். கேஜ்ரி என்பது நம் வன்னி மரம். இதைச் சார் சொன்னதும் மாமா கையை எடுத்துவிட்டார். கோயிலில் சுற்றி வருகிற மரத்தின் காயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடலாமா என்று அவருக்குத் தர்மசங்கடம். அண்ணாச்சி உடனே அதற்கும் ஓர் ஏற்பாடு செய்தார்: மாமாவுக்குத் தயிர், மாமாவின் சாங்ரி அண்ணாச்சிக்கு.

இந்தச் சாரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அணுசக்தி நகர் தேவ்நாரை ஒட்டியே இருக்கிறது. பொக்ரான் ஜெய்சால்மர் மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கே அணுகுண்டுச் சோதனை நடந்த 1974 மே 18, 1998 மே 11 இரண்டு தேதிகளும் அண்ணாச்சிக்கு மனப்பாடம். இரண்டாவது முறை விஞ்ஞானிகள் ராணுவ உடுப்பில் வந்து போனார்கள் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியாயிற்று. "அப்ப நீங்களும் இங்கதான இருந்தீங்க சார்?" என்று ரயிலில், ஜீப்பில், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது என்று அண்ணாச்சி விடாமல் கேட்டார். சார் ஒவ்வொரு முறையும், "அந்தத் தண்ணி பாட்டிலை இப்படிக் கொடுங்க" என்றார். இந்திய அணுசக்தித் துறையின் ரகசியக் காப்பு அந்த இரவு கடும் சோதனைக்கு உள்ளாகித் தேறியது.

ராத்திரி ஒன்பதரைக்கு அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நட்சத்திரம் பார்க்க ஷிப்ட் போட்டிருந்தார். 10 முதல் 12 வரை மாமா, சார், நான். 12 முதல் 2 வரை மராத்தி நண்பர்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் போனால் நெருப்பையும் செருப்பையும் யார் பார்ப்பது? டென்ட்டுக்கு வாட்ச்மேன் இருக்கிறாரே என்றோம். "அவரு தூங்குதாரான்னு பாக்க ஆள் வேண்டாமா?"

"ஆகாசம் எங்கேயாவது ஓடியா போறது, அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே மாமா குரங்குக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டார். குளிர் ஏழெட்டு டிகிரிக்கு இறங்கியிருந்தது. மதியம் சட்டை வியர்த்த இடம் அது. காய்ந்த மணல் சூட்டைப் பிடித்து வைக்காது. காற்றில் ஈரமும் இல்லை, மேகமும் இல்லை. பகலில் வாங்கிய வெப்பமெல்லாம் நேராக வானத்துக்குப் போய்விடும். மும்பையில் 18 டிகிரி வந்தாலே செய்தியில் சொல்வார்கள்.

மேட்டின் மேல் உட்கார்ந்து அண்ணாந்தோம். தேவ்நாரில் நாங்கள் அண்ணாந்து பார்ப்பது விமானத்தை, இல்லாவிட்டால் புகையை. 1927-லிருந்து குப்பை கொட்டிவரும் மைதானம் எங்களுடையது; 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்தபோது புகை விண்வெளியிலிருந்து எடுத்த படத்திலேயே விழுந்தது. அதாவது நாங்கள் வானத்தைப் பார்த்ததைவிட வானம் எங்களை நன்றாகப் பார்த்திருக்கிறது. மேட்டின் மேல் காற்றில் எந்த வாடையும் இல்லை. மாமா இரண்டு முறை மூக்கை உறிஞ்சிப் பார்த்து, தனக்குச் சளி பிடித்துவிட்டது என்று முடிவு செய்தார்.

பொக்ரானைப் பற்றி வாயைத் திறக்காத சார் அப்போது கையை நீட்டினார். வேடன் வடிவத்தில் நிற்கும் கூட்டத்தில், தோள் பக்கம் செந்நிறமாக ஒன்று. "அதுதான் திருவாதிரை, மாமா." வருஷா வருஷம் மார்கழியில் திருவாதிரைக் களி சாப்பிட்டு வளர்ந்த மாமா அந்த நட்சத்திரத்தை அன்றுதான் பார்த்தார். குல்லாயைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். ஆள் இல்லை. பக்கத்து முகாமில் ஸ்பீக்கர் அலறியதால், சத்தத்தைக் குறைக்கச் சொல்லப் போயிருந்தார். ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. சண்டையாகிவிட்டதோ என்று பயந்து போய்ப் பார்த்தால், போரிவலியிலிருந்து வந்த குஜராத்திக் குடும்பங்களுக்கு நடுவே அண்ணாச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர்களுடைய தொலைந்த சூட்கேஸைக் கண்டுபிடித்தாயிற்று, காலை ஜீப்புக்குப் பேரம் பேசியாயிற்று, யார் யார் எந்த இருக்கை என்று காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். ஸ்பீக்கர் அலறிக்கொண்டுதான் இருந்தது.

விடியற்காலையில் எல்லாரும் உதயம் பார்க்க மேடேறியபோது, அவர் பாத்ரூம் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். கிளம்பும்போது கேட்டார்: "எல்லாரும் போட்டோவ குரூப்ல போடுங்க. மானம் எப்பிடி இருந்துச்சுன்னு நானும் பாக்கணும்லா."

தேவ்நார் திரும்பிய மறுநாள் கணக்கு வந்தது, பைசா சுத்தமாக. கொசுவர்த்திச் சுருள் பிரிக்காததால் கடையில் திருப்பிக் கொடுத்து, அந்தப் பணமும் ஆளுக்கு இவ்வளவு என்று கழிக்கப்பட்டிருந்தது. இப்போது கட்ச் பகுதி வெள்ளை ரணுக்குக் குழு உருவாகியிருக்கிறது, பௌர்ணமி இரவாம். போரிவலிக்காரர்களும் அதில் இருக்கிறார்கள்.

உங்கள் கட்டடத்து அண்ணாச்சி காலிங் பெல் அடித்தால் தூங்குவதுபோல் நடிக்காதீர்கள். அவர் இல்லாவிட்டால் நீங்கள் கோவண்டி ஸ்டேஷனைத் தாண்டப்போவதில்லை. கேட்ட அட்வான்ஸை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள்: போன இடத்தில் இரண்டு பேராகப் பிடித்து அவரை ஒட்டகத்தில் ஏற்றிவிடுங்கள். பைகள் எங்கும் போகாது.